மேசைக்கு அடியில் ஒரு கோட்டை

"மூணு இடம். மூணுக்கும் பெரிய மதில் உண்டு. ஒண்ணுல காவலுக்குச் சிப்பாய்ங்க மட்டும் இருப்பாங்க. ரெண்டாவதுல பிரபு குடும்பத்தோட சொகுசாக் குடியிருப்பார். மூணாவது, ஊருக்கு நடுவுலயே இருக்கும். ஊர் மதில் விழுந்துட்டா, கடைசியா எல்லாரும் ஓடி வந்து ஒதுங்குறது அங்கேதான். மூணுக்கும் பேர் சொல்லு பார்க்கலாம்?"

"கோட்டை, கோட்டை, கோட்டை" என்றாள் ஒன்பது வயது மகள், தலையைத் தூக்காமலே.

அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குழந்தைகளுக்குப் பட அகராதி எழுதுகிறவர் அவர். கையில் ஃபோர்ட், காஸில், சிட்டடெல் என்று மூன்று சீட்டுகள். மூன்றுக்கும் நேரே அவரும் கோட்டை என்றுதான் எழுதி வைத்திருந்தார்!

மகளும் காலையிலிருந்து சாப்பாட்டு மேசைக்கு அடியில் கோட்டைதான் கட்டிக்கொண்டிருந்தாள். சோபா மெத்தை, தலையணை, கம்பளி என்று வீட்டில் மெத்தென்று இருந்த எதையும் விட்டு வைக்கவில்லை. அப்பாவின் நாற்காலித் திண்டும் போய்ச் சேர்ந்திருந்தது.

"அக்கா, நானும் உள்ளே வரேன்" என்று தவழ்ந்து வந்தான் நாலு வயதுத் தம்பி.

"கிட்ட வந்தே, அவ்வளவுதான்! எல்லாத்தையும் சரிச்சுடுவே. போ அந்தப் பக்கம்."

அவன் உதடு பிதுங்கியது.

"ஏம்மா, அவனுக்கு ஓர் ஓரமா இடம் குடுத்தா நீ என்ன குறைஞ்சா போயிடுவே?" என்றார் அப்பா.

"ஒருத்தருக்குத்தான்ப்பா இடம் இருக்கு."

"அந்த ஒருத்தர் மகாராணியாக்கும்! அப்போ இது காஸில்தான். போதும், கலைச்சுடு. பதினொரு மணிக்குள்ள என் திண்டு நாற்காலிக்கு வந்துடணும்."

"ஐயோ, பதினொண்ணுக்குத்தான்ப்பா அது வேணும்!"

"என்ன பிடிவாதம் இது?" அப்பா குனிந்து திண்டை உருவினார். மதில் ஒரு பக்கம் சாய்ந்தது. மகள் பதறிப்போய் இரண்டு கையாலும் முட்டுக் கொடுத்தாள்.

அப்போது மாடி வீட்டில் சுவரைத் துளைக்கிற மெஷின் அலறத் தொடங்கியது. ஒரு வாரமாக, நாள் தவறாமல் பதினொரு மணிக்கு. பல்லெல்லாம் கூசுகிற சத்தம்.

தம்பி வீறிட்டுக்கொண்டு ஓடி வந்தான். அக்கா அவனை அப்படியே வாரி மேசைக்கு அடியில் விட்டு, கம்பளியை இழுத்து மூடினாள். பிறகு வெளியே உட்கார்ந்து, தன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து குரல் வந்தது. "அக்கா! இங்கே கொஞ்சூண்டுதான் கேக்குது!"

அப்பா திண்டை எடுத்த இடத்திலேயே திரும்பச் செருகினார். பிறகு மூன்று சீட்டுகளையும் மகளிடம் நீட்டினார்.

ஒரு காதிலிருந்து மட்டும் கையை எடுத்து, அவள் மூன்றாவதான சிட்டடெல் சீட்டை வாங்கிக் கம்பளியில் செருகினாள்.