லூர்துவின் முதல் சேக்காளி

எப்படியாவது தோற்றுவிட வேண்டும். அவனுக்கு வேறு எதுவும் வேண்டாம்.

உச்சி வெயில். கொம்பையாவின் லோடு ஆட்டோவின் பின்தட்டில் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தார்கள். அவன், இசக்கி, கொம்பையா. எதிரே ஹவுசிங் போர்டு குடியிருப்பு. இரண்டாம் மாடியில் லூர்துவின் வீடு. அங்கிருந்து மீன் குழம்பு வாசம் கீழே இறங்கி வந்துகொண்டிருந்தது.

லூர்து காலையில் செத்துப்போனான்.

பைபாஸில் லாரி அடித்துவிட்டது. ஆஸ்பத்திரியில் அடையாளம் காட்டிவிட்டு நேரே இங்கே வந்திருந்தார்கள்.

மேலே லூர்துவின் அம்மாவுக்கு இன்னும் தெரியாது. ஒற்றைப் பிள்ளைக்காரி. போனில் சொல்கிற சமாசாரமா இது? ஒருத்தன் படியேறித்தான் ஆகவேண்டும்.

எவனும் ஏறவில்லை.

விபத்துப் படம் அதற்குள் வாட்ஸ்அப்பில் சுற்ற ஆரம்பித்திருந்தது. முகம் தெரியவில்லை. பைக் நம்பர் பளிச்சென்று தெரிந்தது. எந்தப் பக்கத்து வீட்டுக்காரி எந்த நிமிஷம் அதைக் கொண்டுபோய் அம்மாவிடம் நீட்டுவாளோ.

கொம்பையாதான் சொன்னான், சேக்காளிக் கோப்பை ஆடுவோம் என்று.

காலேஜ் நாளிலிருந்து நடக்கிற கூத்து அது. நாலு பேரில் ஒருத்தனுக்குப் பிறந்தநாள் வந்தால் மற்ற மூவரும் மோதவேண்டும். பிறந்தநாள்காரனோடு சேர்ந்து பட்ட கேவலங்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட வேண்டும். அவனை அதிகம் சிரிக்க வைத்தவன் அந்த வருஷத்துக்கு அவனுடைய முதல் சேக்காளி. அதற்காக என்ன அடிபிடி, என்ன புளுகு! கடைசியில் வந்தவன் ஒரு வாரம் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிவான்.

இன்றைக்கு முதலில் வருகிறவன் மேலே போகவேண்டும்.

இசக்கி ஆரம்பித்தான். தானும் லூர்துவும் ஒருநாள் புரோட்டா சாப்பிடப் போனார்களாம். சாப்பிட்டார்களாம். வந்துவிட்டார்களாம்.

அவ்வளவுதான் கதை.

அட பாவி. போன வருஷம் கல்யாண மண்டபக் கதையைச் சொல்லி எல்லோருக்கும் புரையேற வைத்தவன் இவன். தப்பான மண்டபத்தில் மொய் எழுதி, இரண்டு பந்தி சாப்பிட்டு, விஷயம் தெரிந்ததும் லூர்து திரும்பிப் போய் மொய்யைக் கேட்ட கதை. அதை இன்றைக்கு அப்படியே விழுங்கிவிட்டான்.

கொம்பையா அதற்கும் மேலே போனான். லூர்து ஒரு தடவை பேனா இரவல் வாங்கினான், மறக்காமல் திருப்பிக் கொடுத்தான் என்றான். அது போதாதென்று நினைத்தானோ என்னவோ.

"அவனுக்கு என்னைய அவ்வளவா பிடிக்காதுல."

சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். இவனுக்கு மஞ்சள் காமாலை வந்தபோது இவனோடு உட்கார்ந்து உப்பில்லாத கஞ்சி குடித்தவன் லூர்து.

அவன் முறை வந்தது. லூர்து எப்போதோ பஸ்ஸில் இடம் போட்டு வைத்த கதையைச் சொன்னான்.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்துத் தீர்ப்புச் சொல்கிறவன் மார்ச்சுவரியில் கிடந்தான்.

பக்கத்துக் கட்டடத்திலிருந்து ஒரு பெண் வெளியே வந்தாள். கையில் போன். திரையைப் பார்த்தாள், மாடியைப் பார்த்தாள், மறுபடி திரையைப் பார்த்தாள். பிறகு லூர்து வீட்டுப் படியை நோக்கி நடக்க ஆரம்பித்தாள்.

ஐயோ.

இசக்கியும் கொம்பையாவும் அவனைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதற்கு அவ்வளவு பாடுபட்டார்கள். ஜெயிக்கிற கதை அவனிடம்தான் இருக்கிறது என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

அவன் அதைச் சொல்லத் தொடங்கினான்.

காலேஜ் கடைசி வருஷம் லூர்து பெயில். அம்மாவிடம் சொல்லப் பயந்து அவனை முன்னால் தள்ளிக்கொண்டு வந்தான். இதே படி. அம்மா கதவைத் திறந்தாள். அவள் முகத்தைப் பார்த்ததும் அவனுக்கு லூர்துவின் பெயர் வாயில் வரவில்லை. நான் பெயிலாயிட்டேன்மா என்று சொல்லிவிட்டான்.

அவனோ முதல் வகுப்பில் பாஸ்.

அம்மா அவனைக் கட்டிக்கொண்டு அழுதாள். இலை போட்டு மீன் குழம்பு ஊற்றினாள். சேக்காளியைக் கரையேற்றத் தெரியாத நீயெல்லாம் பாஸாகி என்ன புண்ணியம் என்று லூர்துவின் முதுகில் கரண்டியால் ஒன்று போட்டாள். அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் பெயிலான லூர்து பாஸான அவனுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று உத்தரவு. அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்து காவல் காத்தாள். அப்படித்தான் லூர்து தேறினான். அவளுக்கு இன்றுவரை உண்மை தெரியாது.

கொம்பையா துண்டை வாயில் திணித்துக்கொண்டு குலுங்கினான். இசக்கி வாய்விட்டுச் சிரித்தான். சிரிப்பு பாதியிலேயே ஓலமாகிவிட்டது.

அவன் கீழே குதித்தான்.

படியில் அந்தப் பெண்ணைப் பிடித்துவிட்டான். கொஞ்சம் நில்லுங்க அக்கா என்றான். அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். போனைப் புடவைக்குள் மறைத்துக்கொண்டு சுவரோரமாக ஒதுங்கினாள்.

கதவைத் தட்டினான்.

அம்மா திறந்தாள். அவனைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது, உடனே வாடியது. கையைப் பிடித்து உள்ளே இழுத்து உட்கார வைத்தாள். முந்தானையால் அவன் நெற்றியைத் துடைத்தாள்.

"எதுனாலும் பாத்துக்கிடலாம், அழாத. உனக்கு என்னய்யா ஆச்சு?"

அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

"எனக்கு இல்லம்மா."