படி 3: மிளகாய்

அவள் முந்தானையைச் சுருட்டி வாயில் திணித்துக்கொண்டாள்.

எதிரே நங்கையா. அவள் கணவனின் அக்கா. கிரைண்டருக்கு முன்னால், படை திரட்டி வந்தவர் போல் நின்றார். இடது கையில் செல்போன். வலது கையில் அரிசி அளக்கும் இரும்புப் படி.

செல்போனில் இருந்தது அவள் எழுதிய கையேடு.

கிரைண்டர் கம்பெனிக்கு இருபத்தாறு வருடமாகக் கையேடு எழுதுகிறாள். காகிதத்தில் வந்தவரை அதை ஒருவரும் படித்ததில்லை. ஒரு வம்பும் இல்லை.

இப்போது எல்லாம் போனுக்குப் போகிறது. ஆன்லைன் வகுப்பில் தேறினால் அந்த வேலை அவளுக்கு. தேறாவிட்டால் திங்கட்கிழமை முதல் பேக்கிங்கில் அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்ட வேண்டும்.

கடைசிப் பரீட்சை இது. கையேட்டை முன்பின் பார்க்காத ஒருவர், அதைப் படித்து அடைக்கு மாவு அரைக்க வேண்டும். எழுதியவள் பக்கத்தில் நிற்கலாம்.

வாயைத் திறந்தால் தோல்வி.

மடிக்கணினித் திரையிலிருந்து தேர்வாளர் ஜெயசீலன் பேசினார். அங்கிருந்து அவருக்கு நங்கையாவின் முகம் மட்டும்தான் தெரியும்.

"அம்மா, அதுல என்ன போட்டிருக்கோ அதை மட்டும் செய்யுங்க. உங்க சொந்த அறிவைக் கொண்டுவராதீங்க."

"அதை இந்த ஊட்டுல ஆருங் தம்பி கேக்கறாங்க?"

வகுப்பில் சொல்லிக்கொடுத்தது ஒன்றுதான். திரைக்கு ஒரு வேலை. வேலைக்கு இரண்டு மூன்று சொல். நாற்பது பக்கக் கையேட்டை அவள் ஐந்து திரையாக்கியிருந்தாள். மூடி போடுவது, நிறுத்துவது எல்லாம் வெட்டில் போய்விட்டன.

முதல் திரை வந்தது.

*படி 1. அரிசி போடவும்.*

நங்கையா ஊறிய அரிசியில் ஒரு படி அளந்து போட்டார்.

சரியாகத்தானே போகிறது?

*படி 2. பருப்பு போடவும்.*

இரண்டு படி. தலைதட்டி.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

அவள் எழுதியது முதல் படி, இரண்டாம் படி. நங்கையா படிப்பது ஒரு படி, இரண்டு படி.

அடுத்த திரை என்னவென்று அவளுக்குத் தெரியும்.

*படி 3. மிளகாய் போடவும்.*

நங்கையா போனைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்து மறுபடி பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

அவள் இரண்டு கண்ணையும் தேர்ச்சக்கரம்போல் உருட்டினாள்.

"மேடம் பேசறாங்களா?" என்றார் ஜெயசீலன்.

"இல்லீங். முழிக்கறா."

மேலடுக்கிலிருந்து ஒரு வருடத்து மிளகாய் டின் இறங்கியது. ஒரு படி. இரண்டு படி. மூன்றாவதற்கு டின்னைக் கவிழ்த்து முதுகில் தட்ட வேண்டியிருந்தது.

படி 4, தண்ணீர். அதில் மூன்றரைப் படி தரையில்தான் ஓடியது. நங்கையா கணக்குக் குறையாமல் ஊற்றினார்.

*படி 5. பட்டனை அழுத்தவும்.*

இங்கே மாட்டிக்கொள்வார் என்று அவள் குலதெய்வத்தை வேண்டினாள். பட்டனை எப்படி ஐந்து படி அழுத்த முடியும்?

நங்கையா ஒரு கணம் யோசித்தார். படியைத் திருப்பிப் பிடித்தார். அதன் அடிப்பாகத்தால் ஐந்து முறை அழுத்தினார்.

அந்தக் கிரைண்டருக்கு ஐந்து வேகம், ஒரு அழுத்துக்கு ஒன்று.

முதல் வேகத்தில் சுவர் சிவந்தது. மூன்றாவதில் மின்விசிறி தன் பங்கை வாங்கி நாலு பக்கமும் பகிர்ந்து கொடுத்தது. ஐந்தாவதில் பீளமேடு முழுக்கத் தும்மியது. தெருவிலிருந்த பூனைகள் குடும்பம் குடும்பமாகப் பல்லடம் ரோட்டைப் பார்த்து நடந்தன.

அவள் இருமினாள். இருமல் பேச்சில் சேராது என்று ஜெயசீலன் பெருந்தன்மையாகச் சொன்னார்.

"காமிரா கொஞ்சம் செவப்பா தெரியுதும்மா. பரவால்ல. கையேட்டுல எங்கயாவது குழப்பம் இருந்துச்சா?"

அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

முப்பது வருடம். ரசத்தில், கோலத்தில், அவள் நடையில், அவள் தூக்கத்தில்கூடக் குற்றம் கண்டவர். இன்று அவரிடமே குற்றம் கேட்கிறார்கள்.

நங்கையா கன்னத்து மிளகாயை வழித்தார்.

"ஒரு கொழப்பமும் இல்லீங் தம்பி. படி படியா, சுத்தமா எழுதியிருக்கறா."

"படிப்படியா! அதேதாம்மா, அதேதான் வேணும்!"

ஜெயசீலன் நாற்காலியோடு ஒரு குதி குதித்தார். சான்றிதழ் மணியடித்துக்கொண்டு வந்து சேர்ந்தது. கூடவே போனில், கையேட்டின் அடியில் ஒரு நீலப் பட்டன். *வெளியிடு.* அழுத்தினால் அறுபதாயிரம் அடுப்படிகளுக்குப் போய்விடும்.

மடிக்கணினி அணைந்தது.

இனி அவள் வாயைத் திறக்கலாம். முந்தானையை எடுத்தாள். அதற்குள் நங்கையா முந்திக்கொண்டார்.

"உங்க கம்பெனிக்காரங்களுது ரொம்பப் பெரிய குடும்பமாட்ட இருக்குது, ஏனம்மிணி?"

நங்கையாவின் உதட்டோரம் துடித்தது. மிளகாயாகவும் இருக்கலாம்.

அவள் விரல் நீலப் பட்டன்வரை போயிற்று. அங்கேயே நின்றது.

"நங்கையா..."

"என்ன?"

"இதை எப்படி எழுதுனாச் சரியா இருக்குமுங்?"

முப்பது வருடத்தில் அவரிடம் அவள் கேட்ட முதல் யோசனை.

நங்கையா எந்தத் திரையும் சொல்லாமல் தானே போய் கிரைண்டரை நிறுத்தினார். கையைக் கழுவினார். முக்காலியை அந்தச் சிவப்புச் சேற்றில் இழுத்துப் போட்டுக்கொண்டு, அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.