பிணத்தைக் கடத்தியவள்

“சார், பிணத்தைக் காணோம்!”

வராண்டாவிலிருந்து பதினைந்தாம் நம்பர் மாணவன் போட்ட கூச்சலில், பக்கத்து அறையில் பேப்பர் திருத்திக்கொண்டிருந்த புரொபசர் மூக்குக்கண்ணாடியைக்கூட மாட்டாமல் ஓடி வந்தார்.

குற்றப் புலனாய்வுப் படிப்பில் மூன்றாம் ஆண்டுச் செய்முறைத் தேர்வு. லேப்பைக் கொலை நடந்த வீடு மாதிரி மாற்றியிருந்தார்கள். கவிழ்ந்த நாற்காலி, உடைந்த டம்ளர், நடுவில் சட்டை முழுக்கச் சிவப்பு மையோடு பிணம். பிணமாகப் படுப்பவர் லேப் உதவியாளர். ஏழு வருஷமாக அவர்தான் கொலையாகிறார். பசங்களுக்கு அவர் ‘டெட்பாடி அண்ணே’.

ஒவ்வொருவராக உள்ளே போய்ப் பத்து நிமிஷம் ஆராய்ந்து, அறிக்கை எழுதிக் கொடுக்க வேண்டும். பதினைந்து பேர் முடித்தாயிற்று. கடைசி ஆள் பதினாறாம் நம்பர். போன வருஷமே இந்தப் பேப்பரில் கோட்டை விட்டவள். இந்தத் தடவையும் போனால் சப்-இன்ஸ்பெக்டர் வேலைக்கு விண்ணப்பமே போட முடியாது.

இப்போது தரையில் சாக்பீஸால் வரைந்த மனுஷ உருவம் மட்டும் இருந்தது. மனுஷன் இல்லை. பதினாறாம் நம்பரும் இல்லை.

“யாரும் உள்ளே வராதீங்க, தடயம் அழிஞ்சிடும்” என்றான் மூன்றாம் நம்பர், உள்ளே நின்றுகொண்டு.

“சார், தரையில இழுத்துட்டுப் போன தடம் இருக்கு. ஒத்தைச் செருப்பும் கிடக்கு” என்றாள் ஏழாம் நம்பர். செருப்புக்குப் பக்கத்தில் உடனே ஒரு நம்பர் அட்டையும் வைத்தாள்.

“காலடியை வச்சுப் பார்த்தா, கடத்தினவங்க உயரம் அஞ்சடி ரெண்டங்குலம் இருக்கும் சார்” என்றான் மூன்றாம் நம்பர்.

“அது பதினாறாம் நம்பரோட உயரம்டா! அவளைத்தானே காணோம்!” என்று பல்லைக் கடித்தார் புரொபசர்.

வாட்ச்மேனைக் கூப்பிட்டு விசாரித்தார்கள்.

“ஆமா சார். அந்தப் பொண்ணு அவரைத் தோள்ல சாய்ச்சு இழுத்துட்டு வந்துச்சு. சட்டையெல்லாம் ரத்தம். ‘அவசரம், ஒரு கை பிடிங்க’ன்னுச்சு. பரீட்சைதானேன்னு நானே காலைப் பிடிச்சு டாக்ஸியில ஏத்திவிட்டேன்.”

“நீங்களே ஏத்திவிட்டீங்களா!”

“தத்ரூபமா நடிச்சார் சார். தலை அப்படியே தொங்கிச்சு.”

புரொபசருக்கு முகம் சிவந்துவிட்டது. “பதில் தெரியலைன்னா வெறும் பேப்பரைக் கொடுக்கட்டும். அதுக்காகப் பரீட்சையை நிறுத்தப் பிணத்தையே தூக்கிட்டுப் போறதா? இனிமே அவ இந்தக் காலேஜ் படி ஏறக் கூடாது!”

அங்கேயே உட்கார்ந்து சஸ்பென்ஷன் கடிதம் எழுத ஆரம்பித்தார். சாட்சிக் கையெழுத்துப் போட நான், நீ என்று போட்டி.

இரண்டாவது பத்தியில் இருக்கும்போது வாசலில் டாக்ஸி வந்து நின்றது. பிணம் மெதுவாக இறங்கியது. கையில் பாதி தின்ற பிஸ்கட் பாக்கெட்.

பின்னாலேயே பதினாறாம் நம்பர். சுடிதாரெல்லாம் சிவப்பு மை.

“சார், முதல்ல எனக்குப் பேப்பர் கொடுங்க. என்னோட பத்து நிமிஷத்துல இன்னும் நாலு நிமிஷம் பாக்கி இருக்கு” என்றாள் மூச்சு வாங்க.

“பேப்பரா? எங்கேம்மா கூட்டிட்டுப் போன இவரை?”

“கிளினிக்குக்கு சார். சட்டையைப் பார்த்துட்டுக் கத்திக்குத்துன்னு நாலு பேர் ஓடி வந்துட்டாங்க. மைன்னு சொன்னா நம்பவே இல்லை.”

லேப் உதவியாளர் குறுக்கே வந்தார்.

“அதைத் திட்டாதீங்க சார். தப்பு என் மேலதான். காலையில சுகர் மாத்திரை போட்டுட்டுச் சாப்பிடாம வந்துட்டேன். சாப்பிட்டு வந்து படுத்து, வயிறு கடமுடன்னா பசங்க கவனம் கெடுமேன்னு பார்த்தேன். படுத்த இடத்துல சுகர் சர்ருன்னு இறங்கிடுச்சு. கொஞ்ச நேரத்துல நாக்கே புரளல. ஒவ்வொருத்தரா வந்து டேப் வச்சு அளந்துட்டுப் போறது மட்டும் தெரியுது.”

“இவ என்ன பண்ணா?”

“வந்ததும் மணிக்கட்டைப் பிடிச்சுது சார்.”

பதினாறாம் நம்பர் தலையைக் குனிந்துகொண்டாள். “முதல்ல உயிர் இருக்கான்னு பார்க்கணும்னு நீங்கதானே சார் சொன்னீங்க? பார்த்தேன். இருந்துச்சு. உடம்பு மட்டும் சில்லுன்னு வேர்த்துக் கொட்டிட்டு இருந்துச்சு. அதுக்கப்புறம் எனக்குக் கேஸ் ஞாபகமே இல்லை சார்.”

புரொபசர் கடிதத்தை நாலாகக் கிழித்தார். கோபம் அப்படியே மற்ற பதினைந்து பேர் மேல் திரும்பியது.

“வெட்கமா இல்லை? ஒரு மனுஷன் கண்ணு முன்னால சாகக் கிடக்கான். சுத்திக் கோடு போட்டிருக்கீங்க! ‘இறந்து ஆறு மணி நேரம் ஆகிறது’ன்னு பன்னிரண்டு பேர் எழுதியிருக்கீங்க! ஒருத்தருக்காவது, ஒரே ஒருத்தருக்காவது சந்தேகம் வந்துச்சா?”

பின்வரிசையில் ஒன்பதாம் நம்பர் மட்டும் தயங்கித் தயங்கிக் கையைத் தூக்கினான்.

“நான் கவனிச்சேன் சார். அறிக்கையில எழுதியும் இருக்கேன்.”

“கவனிச்சியா? என்னத்த எழுதிக் கிழிச்ச?”

திருத்தி முடித்த கட்டிலிருந்து அவன் பேப்பரை உருவிப் புரட்டினார்.

இரண்டாம் பக்கம், நான்காவது வரி: ‘இறந்தவர் இரண்டு முறை தண்ணீர் கேட்டார்.’

அதைச் சுற்றி ஒரு வட்டம். பக்கத்தில், சிவப்புப் பேனாவில், புரொபசரின் கையெழுத்து:

‘பிணம் பேசாது. இரண்டு மார்க் குறைக்கப்பட்டது.’