தெற்குச் சுவரின் தண்ணீர்

மரக்கட்டை வீட்டின் தெற்குச் சுவரில் தண்ணீர் தெளித்தால் முத்துமுத்தாக நிற்க வேண்டும். உள்ளே இறங்கினால் முழுச் சுவரையும் தேய்த்து, தண்ணீர் புகாத பூச்சை மறுபடி அடிக்க வேண்டும். அப்படி இறங்கும் வருடம் வீட்டை விற்றுவிட்டு டவுனுக்குப் போவதென்று பேசியிருந்தோம்.

என் கணவன் ஆர்வில், வருடாவருடம் சோதிக்கும் அதே சுவர்க்கட்டையில் தெளித்தான். நின்றது.

"சந்தோஷமா?" என்றேன். எனக்கு முழங்கால் வலித்தது.

வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்தான். "நெசத்தச் சொல்லவா, மார்லிஸ்? மூணு வருஷமா இது இறங்கித் தொலையாதான்னு பாக்குறேன். ஏணி ஏற முடியல. நீதான் இந்த வீட்ட விட்டு வரமாட்டியேன்னு பேசாம இருந்தேன்."

மூன்று வருடமாக, அவன் மீன் பிடிக்கப் போகும் நாள் பார்த்து, அவன்தான் வீட்டை விட்டு வரமாட்டான் என்று நினைத்து, அந்த ஒரு கட்டைக்கு மட்டும் பூச்சு அடித்து வந்தவள் நான்.

"அடுத்த வருஷம் இறங்கிடும்" என்றேன், நகத்தில் ஒட்டியிருந்த பூச்சுக் கறையை மறைத்தபடி.