சத்தம் வெளியே போகாத ரூம்

“உள்ள போய் நில்லு. நான் வெளியில கதவைச் சாத்திக்கிறேன். உன்னால எவ்வளவு முடியுமோ அவ்வளவு கத்து,” என்றான் திம்மராயன்.

ரங்கம்மா நிலைப்படியைப் பிடித்துக்கொண்டாள். கல்யாணமாகி ஆறு மாதம்கூட முடியவில்லை. புருஷன் வாயிலிருந்து இப்படி ஒரு பேச்சு வரும் என்று அவள் கனவிலும் நினைக்கவில்லை.

“எதுக்குங்க கத்தணும்?”

“சொல்றதைச் செய் புள்ள. காரணம் அப்புறம் சொல்றேன்.”

ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் லேத் ஓட்டுகிறவன் அவன். கொஞ்ச நாளாக லீவு என்றால் பின்கட்டு ரூமே கதி என்று கிடந்தான். சுவரெல்லாம் கோணிச் சாக்கு அடித்து, அதன்மேல் கேன்டீனில் கெஞ்சி வாங்கிய முட்டை அட்டைகளை ஒட்டினான். கதவின் உள்பக்கம் பழைய மெத்தை. இடுக்கில் சைக்கிள் டியூப். நடுவில் நின்று கை தட்டுவான், காதைத் தீட்டிக் கேட்பான், திருப்தி வராமல் இன்னொரு சாக்கை அடிப்பான்.

ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்த அன்று அவள் கேட்டே விட்டாள்.

“காத்து வர வேணாமாங்க?”

“காத்து வந்தா சத்தம் வெளிய போயிடும்.”

கேட்டவர்களிடம் பாட்டு ரெக்கார்டிங் பண்ணுகிற ரூம் என்றான். பெங்களூரில் பழசாக வாங்கிய டேப் ரெக்கார்டர் ஒன்றும் மூலையில் இருந்தது. ஆனால் திம்மராயனுக்குப் பாட வராது. ஆர்மோனியத்தைத் தொட்டதில்லை. பாடுகிற சிநேகிதன் என்று ஒருத்தனும் அந்த வாசலை மிதித்ததில்லை. மொட்டைத் தலைக்கு எதற்குச் சீப்பு என்று ரங்கம்மா யோசித்தாள். யோசிக்க யோசிக்கத் தூக்கம் போனது.

மாமியார் வெங்கடம்மா, சீரில் பேசிய ஸ்கூட்டர் வராததிலிருந்து அவளிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. மருமகள் குரல் வாசப்படி தாண்டக் கூடாது என்பது அந்த அம்மாள் போட்ட சட்டம். மகன் அதற்கு ஒரு வார்த்தை மறுப்புச் சொன்னதில்லை.

பக்கத்துத் தெருவில் சமீபத்தில்தான் ஒரு புதுப்பெண் ஸ்டவ் வெடித்துச் செத்துப்போனாள். அலறல் எதுவும் கேட்கவில்லை என்று தெருவே சாதித்தது.

இன்று காலையில் வேறு, திம்மராயன் தாயிடம் தணிந்த குரலில் சொன்னது இவள் காதில் விழுந்தது. “அம்மா, இன்னிக்கு நீ முன்வாசல்லயே இரு. பின்னால வராத.”

“என்னத்தையோ பண்ணித் தொலை,” என்றாள் வெங்கடம்மா.

இப்போது கதவு மூடிக்கொண்டது. தன் மூச்சுச் சத்தமே ரங்கம்மாவுக்குப் பெரிதாகக் கேட்டது. பிறந்த ஊரான பாரூரில் நடவு வயலில் பாட்டுக்கு அவள் குரலெடுத்தால், ஏரிக்கரையில் போகிறவன் நின்று திரும்பிப் பார்ப்பான். அந்தக் குரல் இந்த மெத்தையைத் தாண்டுமா?

“அய்யோ! யாராச்சும் வாங்களேன்!”

அவன் சொன்னதற்காக அவள் கத்தவில்லை. உயிருக்குப் பயந்தே கத்தினாள். ஒரு ஈ காக்கைகூட வரவில்லை.

கொஞ்ச நேரம் கழித்துக் கதவு திறந்தது.

“கத்துனியா?”

“தொண்டை கிழியக் கத்தினேன்.”

“எங்கம்மா முன்வாசல்ல ராகி பொடைச்சுக்கிட்டு இருக்கு. நானும் பக்கத்துலயே நின்னேன். தலையைக்கூட நிமிர்த்தல!” அவன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

உள்ளே வந்து தாழ்ப்பாள் போட்டான். ஒரு கை முதுகுக்குப் பின்னால் இருந்தது. அதில் துண்டால் சுற்றிய ஏதோ ஒன்றைப் பிடித்திருந்தான்.

ரங்கம்மா பின்வாங்கிச் சுவரில் மோதினாள். முதுகில் முட்டை அட்டை நொறுங்கியது.

“எங்கப்பாகிட்டச் சொல்லி ஸ்கூட்டர் வாங்கித் தரச் சொல்றேங்க. என்னை ஒண்ணும் பண்ணிடாதீங்க!”

“ஸ்கூட்டரா? அது யாருக்கு வேணும்?”

திம்மராயன் துண்டை உதறினான். உள்ளே ஒரு மைக் இருந்தது. அவள் கையில் அதை வைத்தான்.

“பாடு புள்ள. இனிமே அம்மாவுக்குக் கேக்காது.”