மங்கல் விளக்கு

மாடிக்குப் புதிதாகக் குடிவந்த சீஃப் இன்ஜினியர் மஹாதேவன், கீழ்வீட்டுக் கோபுவைப் பார்க்க வந்தவர், உட்காருவதற்குள் பல்பைப் பார்த்துவிட்டார்.

"என்ன ஓய், பல்பு இப்படி அழுது வடியறது?"

"இதையும் சமையலறை பல்பையும் சீரீஸ்ல போட்டிருக்கேன் சார்."

"சீரீஸா! ரெண்டுக்கும் பாதிப் பாதி வோல்டேஜ்தானே வரும்? எந்த சுவிட்சை அணைச்சாலும் ரெண்டும் போயிடுமே! நம்ம பெஹாலா பேட்டை முழுக்க வீட்டுக்கு வீடு தனித்தனி லைனா பேரலல்தான் ஓய். கரண்ட்டுக்கு விதி எழுதின கிர்க்காஃப் என்ன சொல்றான்னா…"

கிர்க்காஃப் சொன்னதையும் சொல்லாததையும் அவர் விளக்கிக்கொண்டிருக்கையில் விளக்கு அணைந்து மறுபடி எரிந்தது.

"பாத்தீரா? நாளைக்கே என் ஆளை அனுப்பி மாத்திடறேன்."

"வேண்டாம் சார். ஆத்துக்காரி கூப்பிடறா, இதோ வந்துடறேன்."

"கூப்பிட்டாளா? எனக்குக் கேக்கலையே!"

"அலமுவுக்குப் பிறவியிலேர்ந்தே காது கேக்காது சார், பேச்சும் வராது. அவ சுவிட்சை அணைச்சா எனக்குத் தெரியும். நான் அணைச்சா அவளுக்குத் தெரியும்."

உள்ளே போன கோபு, காபியும் கையுமாக அலமுவை அழைத்துவந்தான். அவள் சிரித்தபடி டம்ளரை நீட்டினாள்.

மஹாதேவன் ஒரு வாய் குடித்தார். அவளைப் பார்த்தார். பிறகு கோபுவின் பக்கம் சாய்ந்து, மெதுவாகக் கேட்டார்:

"நன்னாருக்குன்னு கையால எப்படிப்பா சொல்றது?"