பாக்கியராஜின் தொப்பை

"மூச்ச இழுத்துப் பிடிக்காதீங்க. சாதாரணமா விடுங்க."

டாக்டர் பர்ஹானா சொன்னதும் பாக்கியராஜ் மூச்சை விட்டார். தொப்பை பொத்தென்று டேப்பின் மேல் வந்து உட்கார்ந்தது.

"நூத்தி நாலு."

பின்னால் வரிசையில் நின்ற வரதன், "சென்டிமீட்டரா மேடம், கிலோவா?" என்றான். கேன்டீனே சிரித்தது.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்புக் கம்பி தயாரிக்கும் கம்பெனி அது. அன்றைக்குக் கேன்டீனில் மருத்துவ முகாம். பாக்கியராஜ் அங்கே கிரேன் ஆபரேட்டர். கையும் காலும் குச்சி குச்சியாக இருக்கும். வயிறு மட்டும் வேறு யாரிடமோ வாங்கி மாட்டியதுபோல் முன்னால் போகும்.

"உக்காருங்க" என்றார் டாக்டர். "தோலைக் கிள்ளினா கையில வருதே, இந்தக் கொழுப்பால அவ்வளவு தொந்தரவு இல்ல. உள்ள குடலையும் ஈரலையும் சுத்திக்கிட்டு ஒண்ணு இருக்கு. அதுதான் ஆபத்து. ஆம்பளைக்கு இடுப்பு தொண்ணூறைத் தாண்டினாலே எனக்குச் சந்தேகம் வரும். ஆனா டேப்புல குத்துமதிப்பாதான் தெரியும். உள்ள எவ்வளவுன்னு பாக்கணும்னா ஸ்கேன் எடுக்கணும்."

"எடுத்தாச்சி மேடம். மெட்ராஸ்ல."

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். "நெஞ்சு வலி வந்துச்சா?"

"இல்ல."

"சர்க்கரை?"

"அதெல்லாம் இல்ல. நானாத்தான் போனேன். உள்ள நெறைய கீதாம். ஈரல்லயும் ஏறிக்கினு கீதாம். கொறைச்சிக்கினு வான்னு அனுப்பிச்சிட்டாங்கோ."

தானாகப் போய் ஸ்கேன் எடுத்துக்கொண்ட ஆளை இந்த வட்டாரத்தில் டாக்டர் பார்த்ததே இல்லை. உற்சாகமாகிவிட்டார்.

"சரியாத்தான் சொல்லியிருக்காங்க. இப்படியே விட்டா சர்க்கரை வரும், பிரஷர் வரும். பத்து வருஷத்துல ஹார்ட் அட்டாக் கூட வரலாம்."

"அது பத்து வருஷம் கழிச்சிதான மேடம்? ஈரல்ல கீறது எப்போ கொறையும்?"

"உங்க இதயத்தைப் பத்திக் கவலை இல்லையா?"

"அது பாட்டுக்கு அது ஓடிக்கினு கீது. நீங்க ஈரலச் சொல்லுங்க."

"ஒழுங்கா இருந்தா சில மாசத்துல குறையும். சோறு பாதி. பரோட்டா, போண்டா கூடாது. தினமும் வேர்க்க வேர்க்க நடக்கணும். குடிப்பீங்களா?"

"தொட்டதில்ல."

"அப்போ ரொம்ப நல்லது."

மறுநாளே பாக்கியராஜ் ஷேர் ஆட்டோவை விட்டுவிட்டார். ரயில்வே ஸ்டேஷனிலிருந்து கம்பெனி வரைக்கும் லாரிப் புழுதியில் நடந்தார். கேன்டீனில் கொடுக்கும் போண்டாவை வரதன் தட்டில் வைத்துவிட்டு வெறும் டீயைக் குடித்தார். அதிலும் சர்க்கரை இல்லை.

"உசுரு மேல அவ்ளோ ஆசையா அண்ணே?" என்றான் வரதன், இரண்டு போண்டாவையும் மென்றுகொண்டே.

"ஆசதான்டா" என்றார் பாக்கியராஜ்.

ஒரு மழை நாளில், ஷிப்ட் முடிந்து வரும் வழியில் கால் தானாகப் பரோட்டாக் கடை முன் நின்றுவிட்டது. கல்லில் எண்ணெய் பொரியும் சத்தம். சால்னா வாசனை. நாக்கில் எச்சில் ஊறியது. வெட்கமாக இருந்தது, கண்ணிலும் நீர் வந்துவிட்டது.

"ஒண்ணே ஒண்ணு துன்னுண்ணே. ஒரு பரோட்டால செத்தா பூடுவ?" என்று வரதன் கையைப் பிடித்து இழுத்தான்.

பாக்கியராஜ் கையை உருவிக்கொண்டு மழையில் இறங்கி நடந்தார்.

கிறிஸ்துமஸ் அன்று வீட்டில் பிரியாணி. குழந்தைகளுக்குப் பரிமாறிவிட்டு அவர் ஒரு வெள்ளரிக்காயைத் தின்றார். மனைவி சாராள் இன்னொரு வெள்ளரிக்காயை நறுக்கித் தட்டில் வைத்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனாள்.

மாசியில் மறுபடியும் முகாம். டாக்டர் டேப்பைச் சுற்றினார். தொப்பை வந்து விழவில்லை. நம்பாமல் இன்னொரு முறை சுற்றினார்.

"எண்பத்தி ஒன்பது! ஈரல் எப்படி இருக்கு?"

"போன வாரம் மெட்ராஸ்ல மறுபடியும் ஸ்கேன் எடுத்தாங்கோ மேடம். கொழுப்பு கொறைஞ்சி பூட்ச்சாம். சுத்தமா கீதுன்னாங்கோ."

டாக்டருக்குத் தாங்கவில்லை. அவரைப் பெஞ்சு மேல் ஏற்றி நிறுத்திவிட்டார்.

"எல்லாரும் இவரைப் பாருங்க! இவர்தான் உயிருக்குப் பயந்த மனுஷன். நீங்க எல்லாரும் இவரை மாதிரி பயப்படக் கத்துக்கணும்!"

கேன்டீன் கைதட்டியது. வரதன் விசிலடித்தான். பாக்கியராஜ் என்ன செய்வதென்று தெரியாமல், தளர்ந்துபோன பேன்ட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். கைதட்டல் முடிவதற்குள் இறங்கிவிட்டார்.

"மேடம், ஒரு உதவி. எனக்கு ரெண்டு மாசம் மெடிக்கல் லீவு வோணும். நீங்கதான் ஆபீஸ்ல சொல்லணும்."

"மெடிக்கல் லீவா? எதுக்கு? இப்போதான் உங்களுக்கு ஒரு ஆபத்தும் இல்லாம ஆயிடுச்சே!"

"அதுக்குத்தான் மேடம் மெட்ராஸ் டாக்டருங்களும் காத்துக்கினு இருந்தாங்கோ. கொழுப்பு ஏறுன ஈரல எடுக்க மாட்டாங்களாம். வர்ற திங்கக்கெழம என்னுத அறுத்து, பாதிய எந்தம்பி பென்னிக்கு வெக்கறாங்கோ."

டாக்டரின் கையில் டேப் அப்படியே தொங்கியது.

"இன்னாண்ணே, உனக்குத் தம்பி கீறதே எனக்குத் தெரியாதே! ஒரு நாளு கூட நீ சொன்னதில்லியே!" என்றான் வரதன்.

"நாங்க பேசிக்கறதில்லடா" என்றார் பாக்கியராஜ்.